மெலியும் ஊசிக்கு ஒரு மருத்துவர் வேண்டும்: நெல்லையிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், மருந்துக் கட்டுப்பாட்டு இயக்குநர் அவர்களுக்கும்,

உடல் எடையைக் குறைக்கும் ஊசி மருந்துகள் திருநெல்வேலிச் சீமையில் டாக்டர் சீட்டு இல்லாமல் கைமாறிக்கொண்டிருக்கின்றன. சில மருந்துக்கடைகளில் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிறார்கள். மருந்து விற்க லைசென்ஸே இல்லாத ஸ்லிம்மிங் சென்டர், பியூட்டி பார்லர் வரைக்கும் போய்விட்டது. அதே ஊரில், இந்த மருந்து நிஜமாகவே தேவைப்படும் நோயாளிக்கு அதை எழுதிக் கொடுத்து, மாதா மாதம் கூப்பிட்டுப் பரிசோதித்து, அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருக்கிறது. தேவையில்லாதவர் கைக்கு மருந்து தாராளமாகப் போகிறது. தேவைப்படுகிறவர் வெளியே நிற்கிறார். இதைச் சரிசெய்யும் அதிகாரம் உங்கள் இரண்டு அலுவலகங்களிடமும் இருப்பதால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் ஒரு மருந்தாளுநர். பாளையங்கோட்டைக்கும் மேலப்பாளையத்துக்கும் நடுவில் ஒரு மருந்துக்கடையில் பல வருடமாக நிற்கிறேன். "எக்கா, வாரம் ஒண்ணு போடுத மெலியுத ஊசி இருக்கா?" என்று கேட்டு வருகிறவர்கள் இப்போது அடிக்கடி வருகிறார்கள். சீட்டு எங்கே என்று கேட்டால் செல்போனை நீட்டுகிறார்கள். அதில் யாரோ யாருக்கோ அனுப்பிய மருந்துப் பெட்டியின் படம் இருக்கும். இல்லை என்று சொன்னால் கோபப்படுவதில்லை. அடுத்த கடையைப் பார்த்துப் போய்விடுகிறார்கள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. அடுத்த கடையில் கிடைக்கும் என்ற தைரியம் அவர்களுக்கு இருக்கிறது.

நான் இந்த மருந்துகளுக்கு எதிரி இல்லை. சாப்பிட்டதும் நம் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைப் போல இவை வேலை செய்கின்றன. வயிறு மெதுவாகக் காலியாகிறது, பசி அடங்குகிறது, சர்க்கரையும் கட்டுக்குள் வருகிறது. 2021-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், இந்த வகையில் ஒன்றான செமாக்ளூடைட் 2.4 மில்லிகிராம் ஊசியை 68 வாரம் போட்டவர்களின் எடை சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தது. மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்குக் குறைந்தது 2.4 சதவீதம். உணவுக் கட்டுப்பாடும் நடையும் இரண்டு தரப்புக்கும் சொல்லித்தரப்பட்டிருந்தன. அதாவது "வாயைக் கட்டு, எல்லாம் சரியாகும்" என்று இத்தனை காலம் குண்டானவர்களைப் பார்த்துச் சொல்லிவந்தது எவ்வளவு அரைகுறையான பேச்சு என்று அந்த ஆய்வே காட்டிவிட்டது. உடல் பருமன் ஒரு நோய். நோய்க்கு மருந்து வந்திருக்கிறது. ஆனால் அந்த ஆய்வில் இருந்த ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு மருத்துவர் இருந்தார். 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒரு படி என்று ஏற்றித்தான் 2.4-க்குக் கொண்டுபோனார்கள். இங்கே மருந்து மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது, அந்த மருத்துவர் வரவில்லை.

என் சித்தி மகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். 158 சென்டிமீட்டர் உயரம், அறுபது கிலோ கூட இல்லை. இந்த மருந்துகளுக்கு வகுத்திருக்கும் வரம்பு, உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ கணக்கில் 30, கூடவே சுகரோ பிரஷரோ இருந்தால் 27. அவள் உயரத்துக்கு 30 என்றால் ஏறக்குறைய 75 கிலோ இருக்க வேண்டும். அவள் அந்தக் கோட்டின் பக்கத்திலேயே இல்லை. கல்யாண போட்டோவில் கை மெலிசாகத் தெரிய வேண்டும் என்று யாரோ சொல்ல, டவுனில் ஒரு ஸ்லிம்மிங் சென்டருக்குப் போயிருக்கிறாள். எடை பார்த்தார்கள், பணம் வாங்கினார்கள். ரத்தப் பரிசோதனை கிடையாது, ஒரு டாக்டர் முகத்தைக் கூடப் பார்க்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஐஸ்கட்டி போட்டு, மருந்து ஏற்றிய நான்கு இன்சுலின் சிரிஞ்சுகளை அதன் மேல் வைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். "வாரம் ஒண்ணு. எல்லாத்துலயும் பத்துன்னு போட்ட கோடு வரைக்கும் இழுத்திருக்கு, அப்படியே போட்டுக்கிடுங்க." இவ்வளவுதான் சொன்னது.

முதல் ஊசிக்கு லேசான குமட்டல். இரண்டாவது ஊசி போட்ட மறுநாள் வாந்தி ஆரம்பித்தது. கல்யாண வீட்டில் சொன்னால் ஏதாவது பேசுவார்கள் என்று மறைத்துவைத்திருக்கிறாள். தண்ணீர் கூட வயிற்றில் தங்கவில்லை. கடைசியில் எழுந்திருக்க முடியாமல் போய், ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். உடம்பில் நீர் வற்றி, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ஏறியிருந்தது. டியூட்டி டாக்டர் கேட்டது மூன்று கேள்வி: என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம், கடைசியாக எப்போது போட்டீர்கள்? கடைசிக் கேள்விக்கு மட்டும்தான் எங்களிடம் பதில் இருந்தது.

அந்த டப்பாவை நான் வீட்டிலிருந்து எடுத்துவரச் சொன்னேன். போட்டு முடித்த இரண்டும் போடாத இரண்டும் அதிலேயே இருந்தன. ஒன்றிலும் பெயர் இல்லை, பேட்ச் நம்பர் இல்லை, தேதி இல்லை. மூடியைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. முதலில் போட்டதன் மூடி ஆரஞ்சு, இரண்டாவது போட்டதன் மூடி சிவப்பு. மருந்துக்கடையில் வேலை பார்க்கிற யாருக்கும் இது தெரியும்: சிவப்பு மூடி சிரிஞ்சு ஒரு மில்லிக்கு 40 யூனிட் கணக்கு, ஆரஞ்சு மூடி ஒரு மில்லிக்கு 100 யூனிட் கணக்கு. ஆரஞ்சில் பத்து என்று போட்ட கோடு என்றால் 0.1 மில்லி. சிவப்பில் அதே பத்து என்ற கோடு 0.25 மில்லி. இரண்டும் ஒரே குப்பியிலிருந்து இழுத்ததாக இருந்தால், இரண்டாவது வாரம் அவள் உடம்பில் போனது முதல் வாரத்தைப் போல இரண்டரை மடங்கு. படிப்படியாக ஏற்ற வேண்டிய மருந்தை, ஏற்றுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் ஏற்றியிருக்கிறார்கள். ஐஸ் மேல் வைத்ததும் தப்பு. இந்த மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறைந்துபோனால் அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். உள்ளே இருந்தது அசல்தானா என்பதே யாருக்கும் தெரியாது. போலி செமாக்ளூடைட் சுற்றுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனிலேயே எச்சரிக்கை விட்டிருந்தது.

அவள் பிழைத்துக்கொண்டாள், கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. ஆனால் ஒன்று என் மனதை விட்டுப் போகவில்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் வரைக்கும் ஊசி போடலாம் என்று அந்த இடத்தில் சொல்லியிருக்கிறார்கள். செமாக்ளூடைட் உடம்பை விட்டு முழுதாக இறங்க ஐந்து வாரம் போல ஆகும். கர்ப்பத்துக்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும் என்று மருந்தின் விவரத்தாளிலேயே இருக்கிறது. இதே வகையில் இன்னொரு மருந்தான டிர்செபடைட் என்றால் கருத்தடை மாத்திரையின் வேலையையும் அது குறைக்கக்கூடும். நம் ஊரில் கல்யாணமான பெண்ணிடம் இரண்டாவது மாதமே "விசேஷம் உண்டா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். கல்யாணப் பெண்களைக் குறிவைத்து விற்கிறவர்கள் இந்த ஒரு கேள்வியைக் கூடக் கேட்காமல் விற்கிறார்கள். எத்தனை பெண்கள் வயிற்றில் பிள்ளையோடு இந்த ஊசியைப் போட்டுக்கொண்டிருக்கிறார்களோ, நினைத்தாலே பதறுகிறது.

இனி மறுபக்கம். முக்கூடல் பக்கத்திலிருந்து ஒரு மதினி எங்கள் கடைக்கு வருவார்கள். ஐம்பது தாண்டிய வயது. விடிந்ததிலிருந்து பீடித் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்தால் சாயந்திரம் கட்டு கொடுக்கப் போகும்போதுதான் எழுந்திருப்பார்கள். பல வருடச் சுகர், பிரஷர், இரண்டு முழங்காலும் போய்விட்டது, ராத்திரி குறட்டையில் மூச்சே நின்று நின்று வருகிறது. இவர்களிடம் போய் "நல்லா நடங்கம்மா" என்று சொல்கிறவர்களுக்கு அந்த முழங்காலைப் பார்த்த பிறகும் எப்படி மனசு வருகிறதோ.

அவர்களுக்கு ஒரு நல்ல டாக்டர் வாய்த்தார். எடுத்த எடுப்பில் ஊசி எழுதவில்லை. குடும்பத்தில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் உண்டா, கணையம் வீங்கி எப்போதாவது படுத்தது உண்டா, பித்தப்பையில் கல் உண்டா என்று கேட்டார். கிரியாட்டினின் பார்த்தார். சர்க்கரை வேகமாக இறங்கினால் கண்ணின் விழித்திரையில் ஏற்கெனவே இருக்கும் பாதிப்பு கூடலாம் என்று கண் பரிசோதனைக்கு அனுப்பினார். அவர்கள் சாப்பிட்டுவந்த கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரையை முதலில் பாதியாகக் குறைத்தார். இந்த ஊசியோடு அதுவும் சேர்ந்தால் தாழ்சர்க்கரை வந்து மயங்கி விழ வாய்ப்பிருக்கிறது. குறையும் எடையில் ஒரு பங்கு தசையாகவும் இருக்கும் என்பதால், கொஞ்சமாகச் சாப்பிட்டாலும் முட்டை, சிறுபயறு, உளுந்து, சாளை மீன் என்று எதையாவது தினமும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். சீட்டில் அடுத்த தேதி எழுதியிருந்தது. மருத்துவக் கண்காணிப்பு என்றால் இவ்வளவுதான். இதில் எதுவும் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் செய்ய முடியாத காரியம் இல்லை.

மதினிக்கு எடை இறங்கியது, சர்க்கரை இறங்கியது, மாடிப்படி ஏற முடிகிறது என்று கடையில் வந்து சொன்னபோது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஆனால் சில மாதத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ என்ற பெயரில் டிர்செபடைட் இந்தியாவுக்கு வந்தபோது 5 மில்லிகிராம் குப்பி ஒன்று 4,375 ரூபாய், வாரம் ஒரு குப்பி. பீடிக் கூலிக்கு அது ஆகிற காரியமா? நகையை அடகு வைத்துப் பார்த்தார்கள், அப்புறம் நிறுத்திவிட்டார்கள். இந்த மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் ஆய்வில் தெரிந்த விஷயம்தான்: செமாக்ளூடைட் நிறுத்திய ஒரு வருடத்தில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. மதினிக்கும் வந்தது. சுகர் மாத்திரை பழையபடி முழு மாத்திரையானது. அவர்கள் என்னிடம் சொன்னது, "நமக்கெல்லாம் கொடுத்து வைக்கலம்மா."

அந்தப் பேச்சுக்கு அரசு பதில் சொல்ல வேண்டும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். அதற்கு முந்தைய 2015-16 ஆய்வில் அது 30.9. ஆண்களில் 28.2-லிருந்து 37 ஆகியிருக்கிறது. இது பணக்கார வீட்டுக் கவலை என்று நினைக்கிறவர்கள் ஆலங்குளம், வீரவநல்லூர், மேலப்பாளையம் பக்கம் வந்து பீடிக் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்க்கட்டும். உட்கார்ந்தே செய்கிற வேலை, ரேஷன் அரிசிச் சோறு, ராத்திரி பிள்ளைகளுக்கு வாங்கிய புரோட்டாவில் மிச்சம். பணம் இல்லாதவர் உடம்பிலும் இது ஏறுகிறது.

2025 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் செமாக்ளூடைட், டிர்செபடைட் உள்ளிட்ட இந்த வகை மருந்துகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. சர்க்கரை நோயோடு இதய நோயோ சிறுநீரக நோயோ இருந்து, உடல் பருமனும் உள்ளவர்களுக்கு முதலில் என்று ஒரு வரிசையையும் காட்டியிருக்கிறது. 2026 மார்ச்சோடு இந்தியாவில் செமாக்ளூடைட் காப்புரிமை முடிந்து, உள்நாட்டுக் கம்பெனிகள் தயாரிக்க வழி திறந்துவிட்டது. விலை இறங்குவது மதினி மாதிரியானவர்களுக்கு நல்லது. ஆனால் கண்காணிப்பு இல்லாத ஊரில் விலை மட்டும் இறங்கினால் சித்தி மகளுக்கு நடந்தது தெருவுக்குத் தெரு நடக்கும். இதற்கு முன்னாலும் பார்த்திருக்கிறோம். எடை குறைக்க எழுதப்பட்ட சிபுட்ராமின் மாத்திரையை, மாரடைப்பு, பக்கவாத ஆபத்து தெரியவந்த பிறகு 2011-இல் நம் நாட்டில் தடை செய்தார்கள். புது மருந்துகள் அதைவிட எவ்வளவோ மேல். இவற்றுக்குக் கெட்ட பெயர் வந்து, தேவைப்படுகிறவர்களும் பயந்து ஒதுங்கும் நிலைக்கு விட்டுவிடாதீர்கள்.

நான் கேட்பது இவை.

மருந்துக் கட்டுப்பாட்டு இயக்குநர் அவர்களே, மருந்து ஆய்வாளர்களை ஸ்லிம்மிங் சென்டர், பார்லர், ஜிம்களுக்கும் அனுப்புங்கள். லைசென்ஸ் இல்லாத இடத்துக்கு மருந்து வானத்திலிருந்து வருவதில்லை. மொத்த வியாபாரியின் பில்லில் எந்தக் கடைக்கு எந்த பேட்ச் எத்தனை போனது என்று இருக்கிறது. ஒரு சின்னக் கடை மாதா மாதம் பெட்டி பெட்டியாக எடுத்து, அதற்கு ஈடான சீட்டுகளைக் காட்ட முடியவில்லை என்றால் அங்கேயிருந்து விசாரணையைத் தொடங்கலாம். சிரிஞ்சில் இழுத்துவைத்து உதிரியாக விற்பதை ஒரு நாள் கூடப் பொறுக்காதீர்கள். அசல் பெட்டி, பேட்ச் நம்பர், பில் இல்லாமல் இந்த மருந்து யார் கையிலும் இருக்கக் கூடாது. கட்டுப்பாடு கூடுதலாக உள்ள ஷெட்யூல் எச்1 பட்டியல் மருந்துகளுக்கு நோயாளி பெயர், டாக்டர் பெயரும் முகவரியும், கொடுத்த அளவு எல்லாம் எழுதி மூன்று வருடம் பதிவேடு வைக்கிறோம். அதே பதிவேடு இந்த ஊசிகளுக்கும் வர வேண்டும். பட்டியலை மாற்றுவது மத்திய அரசின் வேலை என்பது தெரியும். தமிழ்நாடு எழுதிக் கேட்கலாம் அல்லவா? கேளுங்கள். எங்களைப் போன்ற மருந்தாளுநர்களுக்கு அது கூடுதல் வேலைதான், செய்கிறோம்.

செயலாளர் அவர்களே, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வாரத்தில் ஒரு நாள் உடல் பருமனுக்கென்றே புறநோயாளிகள் பிரிவு நடத்துங்கள். பொது மருத்துவர், உணவு ஆலோசகர், தேவைப்பட்டால் கண்ணுக்கும் முழங்காலுக்கும் அனுப்பும் வசதி, எல்லாம் அதே நாளில் கிடைக்கட்டும். அம்பாசமுத்திரம், வள்ளியூர், தென்காசி அரசு மருத்துவமனைகளில் மாதம் ஒரு நாளாவது வேண்டும், ஏனென்றால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வருவது எல்லாருக்கும் முடியாது. 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரையோடு வீடு தேடி வருகிறவர்களிடம் ஓர் அளவு நாடாவும் இருக்கட்டும். இடுப்புச் சுற்றளவு கூடியவர்களை அவர்களே அந்தப் பிரிவுக்கு எழுதி அனுப்பட்டும்.

அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்து வாங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கியதிலிருந்து மொத்தக் கொள்முதலில் விலையை எப்படி இறக்குவது என்று நாட்டுக்கே காட்டியது. விலை இறங்கிவரும் இந்த நேரத்தில் செமாக்ளூடைடுக்கு டெண்டர் விடுங்கள். எல்லாருக்கும் கொடுக்கச் சொல்லவில்லை. சர்க்கரையும் உடல் பருமனும் இருந்து, இதயமோ சிறுநீரகமோ கெட்டவர்களுக்கு முதலில் கொடுங்கள். ஆரம்பித்தால் நடுவில் நிற்காமல் கொடுங்கள்.

கடைசியாக, தமிழில் ஒரு பக்கத்தாள் அச்சடித்து எல்லா மருந்துக்கடைகளுக்கும் அனுப்புங்கள். யாருக்கு இந்த மருந்து ஆகாது, கர்ப்பத்துக்கு எவ்வளவு முன்னால் நிறுத்த வேண்டும், வாந்தி நிற்காவிட்டால் என்ன செய்ய வேண்டும், ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் சொல்ல வேண்டும், நோன்பு வைக்கிறவர்கள் ரமலானுக்கு முன்பே டாக்டரைப் பார்த்து மாத்திரை அளவை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் பெரிய எழுத்தில் இருக்கட்டும். பக்கவிளைவைத் தெரிவிக்கும் 1800-180-3024 என்ற இலவச எண்ணும் அதில் இருக்கட்டும். மருந்தாளுநர் அந்தத் தாளைப் படித்துக் காட்டிவிட்டுத்தான் ஊசியைக் கையில் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிடுங்கள்.

இவற்றில் எதை எந்தத் தேதிக்குள் செய்வீர்கள் என்பதை மூன்று மாதத்துக்குள் துறையின் அறிவிப்பாக வெளியிடுங்கள். எனக்குத் தனியாகக் கடிதம் வேண்டாம். மாவட்டத்தின் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்தின் அறிவிப்புப் பலகையிலும் அது ஒட்டப்பட வேண்டும்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையிலிருந்து ஒரு மருந்தாளுநர்